கொசுறு மீன்

மூன்றாவது பொய் ஈயும் பிரிந்துபோயிற்று. சேவுகன் தூண்டில் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நரம்பைக் கைமேல் கை போட்டு இழுத்து, நுனியில் தொங்கிய முள்ளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். மொட்டை முள். நேற்று மத்தியானம் முழுக்க மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கோழி இறகையும் நூலையும் வைத்து அவர் கையாலேயே கட்டிய பொய்ப் பூச்சி, ஒரு கடிக்குத் தாங்கவில்லை. மீன் கவ்வியது, இழுத்தது, இறகை உருவிக்கொண்டு போய்விட்டது. நூல் மட்டும் சுருள் சுருளாக முள்ளில் நிற்கிறது, பூவை உதிர்த்துவிட்ட நார் மாதிரி. நாற்பத்தாறு வருஷம் மதுரையில் பூக் கட்டிய கை இது. ஒரு முழத்தில் ஒரு பூ தளர்ந்து வந்தாலும் அந்த முழத்தையே திருப்பி வாங்கிக்கொண்டு வேறு கொடுத்த கடை. அந்தக் கை கட்டியது அவிழ்கிறது, அதுவும் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு மீனின் வாயில். நாலு கட்டினார், மூன்று போயிற்று. மிச்சம் ஒன்று, சட்டைப் பையில் தீப்பெட்டிக்குள் கிடக்கிறது. அதுவும் இதே கை கட்டியதுதான், அதுவும் இப்படியேதான் போகும். போனால் கேட்க முடியாது. தனக்குத் தானே போட்டுக்கொண்ட பேச்சு அது, வேறு யாருக்கும் தெரியாது: தன் கையால் கட்டிய ஈயில், இதுவரை பார்க்காத ஒரு புது வகை மீன் கிடைத்துவிட்டால், மாப்பிள்ளையிடம் வாயைத் திறந்து கேட்டுவிடுவது. கிடைக்காவிட்டால் நாளைக்குப் பேசாமல் விமானம் ஏறுவது. கேட்க வேண்டியது ஒரே ஒரு வரிதான். டிக்கெட்டைத் தள்ளிப்போட முடியுமா. அவ்வளவுதான். இதைக் கேட்பதற்கு ஒரு மீன் சாட்சி வேண்டியிருக்கிறது பாருங்கள், இந்த அறுபத்தொன்பது வயது மனுஷனுக்கு.

"மாமா, பாத்துங்க, அந்தப் பக்கம் பாசி, வழுக்கும்" என்று மேல்பக்கத்திலிருந்து கதிரேசனின் குரல் வந்தது. மாப்பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் நின்று, கம்பை முன்னும் பின்னும் ஆட்டி, மஞ்சள் நரம்பை ஆகாயத்தில் வளைவு வளைவாக விரித்துக்கொண்டிருந்தார். "இருக்கட்டும் மாப்ளே" என்றார் சேவுகன். இருக்கட்டும். எதைச் சொன்னாலும் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். சோறு போடவா என்றால் இருக்கட்டும், குளிருதா என்றால் இருக்கட்டும், ஊருக்குப் போகணுமா என்றால் அதற்கு மட்டும் இருக்கட்டும் என்று சொல்லத் தெரியவில்லையே. வேட்டியை மடித்துத் தொடைக்கு மேலே ஏற்றிக் கட்டியிருந்தார். காலில் மாப்பிள்ளையின் பழைய ரப்பர் செருப்பு, ஒரு அளவு பெரிது, ஒவ்வொரு அடிக்கும் உள்ளே தண்ணீர் கொளகொளவென்றது. தண்ணீர் கண்ணாடி. முழங்கால் ஆழத்தில் கூழாங்கல் ஒவ்வொன்றையும் எண்ணலாம். எண்ணக்கூடச் செய்தார், ஒரு கை அகலத்தில் பதினெட்டு, பிறகு தன் மேலேயே எரிச்சல் வந்து விட்டுவிட்டார். எண்ணாமல் ஒன்றைப் பார்க்கத் தெரிகிறதா இந்தக் கண்ணுக்கு. பெண்டாட்டி பாக்கியம் இருந்தவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், சாமி கும்பிடும்போதும் விளக்கு எத்தனை என்று எண்ணுகிற ஆள் நீங்கள் என்று. அவள் சொன்னதில் பொய் இல்லை. கர்ப்பக்கிரகத்தில் பதினொன்று.

பிப்ரவரி கடைசியில் வந்து இறங்கியபோது அமெரிக்காவின் இந்த ஆர்கன்சாவில் மரம் என்று இருந்ததெல்லாம் குச்சி. ஜன்னலுக்கு வெளியே ஆள் நடமாட்டம் இல்லை. ஹீட்டர் ஓடுகிற சத்தத்தைத் தவிர வீட்டில் சத்தம் இல்லை. மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் சோபாவில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் எத்தனை ஆணி என்று பார்த்துக்கொண்டிருப்பார். முதல் வாரமே சொன்னார், ஏன்டா வந்தோம்னு இருக்கு. இரண்டாம் வாரம் சொன்னார், ஆஸ்பத்திரியில கிடக்குற மாதிரி இருக்கு. மூன்றாம் வாரம் மதுரையில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டு, மகள் தமயந்தி காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார், ஆறு மாசம் இங்க இருந்தா என்னைய பொட்டலம் கட்டித்தான்டா அனுப்புவாங்க. அந்தச் சொல் அவளைச் சுட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துக் காப்பி டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு, "டிக்கெட்ட ஆகஸ்ட்ல இருந்து ஜூனுக்கு மாத்திட்டேன்ப்பா. இப்ப சந்தோஷந்தானே?" என்றாள். அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் இப்போது எந்தப் பக்கம் திருப்பினாலும் விழுங்க முடியவில்லை. மீன் முள் மாதிரி அது தொண்டையில் குறுக்கே நிற்கிறது. வாயால் சரி என்றுகூடச் சொல்லவில்லை. தலையைத்தான் ஆட்டினார், மாடு மாதிரி. அவள் அந்தத் தலையாட்டலை நம்பித்தான் இருக்கிறாள். நம்பாமல் என்ன செய்வாள். அடம்பிடித்து, முகத்தைத் தூக்கிவைத்து, மகளை நோகடித்து வாங்கிய டிக்கெட். அது கைக்கு வந்த அடுத்த சனிக்கிழமைதானா அந்த மாப்பிள்ளைக்குத் தோன்ற வேண்டும், "மாமா, சும்மா உக்காந்திருக்கீங்கள்ல, வாங்க, ஆத்துக்குப் போயிட்டு வருவோம்" என்று. ஒரு வாரம் முன்னால் தோன்றியிருந்தால் என்ன கேடு.

அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து சும்மா பார்த்தார். பூச்சி மாதிரி ஒரு பொம்மையைத் தண்ணீர்மேல் போடுவதும் எடுப்பதுமாக ஒரு படித்த பிள்ளை செய்கிற வேலையா இது என்று இருந்தது. பிடித்த மீனைக் கொண்டுவந்து காட்டியபோது, "ஜிலேபி" என்றார் சேவுகன். வைகையில், கண்மாயில், மார்க்கெட் வாசலில் மலிந்து கிடக்கிற ஜிலேபிக் கெண்டை. இதற்கா இத்தனை தூரம். கதிரேசனுக்கு ரோசம் வந்துவிட்டது. "மாமா, என்னைய என்ன வேணா சொல்லுங்க, இத ஜிலேபின்னு சொல்லாதீங்க. அது எங்கிருந்தோ வந்து நம்ம ஊர்த் தண்ணியப் புடிச்ச மீனு. இது இந்த மண்ணுக்கே உள்ளது. சூரிய மீனுன்னு பேரு. நல்லாப் பாருங்க." பார்த்தார். கையை நனைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். வட்டமாக, தட்டையாக, ஒரு சின்னத் தட்டு மாதிரி மீன். வெயில் பட்டதும் அதன் மேல் கத்தரிப்பூ நிறம் ஒன்று வந்து போயிற்று. போயிற்றா, இருந்ததா. திருப்பிப் பிடித்தார், மறுபடி வந்தது. நெஞ்சில் செம்பு, காதோரம் கன்னங்கரேலென்று ஒரு பொட்டு. விடியற்காலை லாரியில் இருந்து இறங்குகிற கூடைகளில் நிறம் பார்த்தே வாழ்ந்தவர். கூடையின் மேலே நல்ல பூவும் கீழே பழம்பூவும் வைத்து ஏமாற்றுவார்கள், கையை உள்ளே விட்டுப் பார்க்காமல் வாங்கமாட்டார். இந்த மீனில் மேல் ஒன்று கீழ் ஒன்று என்று இல்லை. யாரும் விற்க வரவில்லை. யாருக்கும் விலை சொல்ல வேண்டாம். அது கையில் இருந்து வழுக்கித் தண்ணீரில் விழுந்து போனபோது, அய்யோ என்று வாயில் வந்துவிட்டது. அந்த வயதில் அந்தச் சத்தம் வாயில் இருந்து வந்ததற்கு அன்று முழுக்க வெட்கப்பட்டார்.

பிறகு சனி ஞாயிறு தவறவில்லை. கதிரேசன் ஒவ்வொரு தடவையும் வேறு ஆறு, வேறு ஓடை என்று காரை ஓட்டுவார். மாப்பிள்ளை சொல்லும் இங்கிலீஷ் பேர் வாயில் நிற்கவில்லை, ஆகவே அவரே பேர் வைத்துக்கொண்டார். முதல் மீன் கத்தரிப்பூ. குட்டையில் கிடைத்த பச்சை மீன், கன்னத்தில் மயில் நீலக் கீற்றும் துடுப்பில் மஞ்சள் கரையும் உள்ளது, மரிக்கொழுந்து. ஏரியில் கிடைத்தது, காதோரம் சிவப்பு வைத்தது, அரளி. சேற்றுத் தண்ணீரில் கட்டையடியில் கிடந்த பழுப்பு மீனைப் பார்த்ததும் சாயந்திரம் கடையில் மிஞ்சிய பூ ஞாபகம் வந்தது, அது வாடல். அதற்கும் ஒரு அழகு உண்டு என்று தெரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடித்தது. சுண்டு விரல் நீளத்தில் உடம்பெல்லாம் ஆரஞ்சுப் புள்ளியாக வந்தது கதம்பம். மேற்கே ஓடுகிற பெரிய ஆற்றில் பிடித்தது கனகாம்பரம், வயிறு பூராவும் அந்த நிறம், மேலே பச்சை நீலப் பொடி தூவினாற்போல். ஆறு வகை. விரல் கணுவில் கட்டைவிரலை வைத்து ஆறு என்று எண்ணி வைத்திருந்தார். ஆனால் அந்த ஆறும் மாப்பிள்ளையின் ஈயில், மாப்பிள்ளை கட்டிய முடிச்சில். கடையில் இன்னொருவர் கட்டிய மாலையைத் தன் மாலை என்று ஒருநாளும் விற்றதில்லை அவர். ஆகவே ஏழாவதாவது தன்னுடையதாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தால்தான் கேட்பதற்கு ஒரு முகம் இருக்கும் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

என்ன காரணம் சொல்லிக் கேட்பது. அதுதான் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது. முழங்கால் வலி, இப்போது இருபது மணி நேரம் உட்கார முடியாது என்று சொல்லலாம். சொன்னால் தமயந்தி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடுவாள். ஊரில் வெயில் அதிகம் என்று சொல்லலாம். வெயில் வேண்டும் என்றுதானே ஊரைக் கூட்டினீர்கள் என்பாள். மகன் வீட்டில் ஏதோ மனத்தாங்கல் என்று ஜாடை காட்டலாம், நம்பிவிடுவார்கள், பாவம் அந்தப் பிள்ளை பேர் கெட்டுப்போகும், அது பொய். மருமகள் நல்ல பெண். மாடி அறை, ஃபேன், வேளைக்குச் சாப்பாடு, ஒரு குறையும் இல்லை. கடையை மகன் பார்த்துக்கொள்கிறான், நன்றாகவே பார்த்துக்கொள்கிறான். குறை இல்லாத இடத்தை விட்டு இங்கே இருக்க வேண்டும் என்றால் என்ன காரணம். உள்ள காரணம் ஒன்றுதான்: மீனைப் பார்க்க வேண்டும். இப்போதுதான் அதுகளுக்கு நிறம் ஏறுகிறது, ஜூன் ஜூலையில்தான் உச்சம் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். ஆகஸ்டுவரை இருந்தால் இன்னும் எத்தனை ஓடை. இதை எப்படி ஒரு ஆம்பிளை, பேரன் எடுத்த ஆள், சம்பந்தி வீட்டுப் பிள்ளையிடம் சொல்வது. குழந்தை பொருட்காட்சியில் இன்னொரு ரவுண்டு ராட்டினம் கேட்கிற மாதிரி. பத்து வயதில் கூடை தூக்கியதிலிருந்து, வேண்டும் என்று எதையும் தனக்காகக் கேட்டது கிடையாது. கேட்டுப் பழக்கம் இல்லாத வாய். அடுத்த வருஷம் வரலாம் என்றால், அடுத்த வருஷம் முழங்கால் இந்தக் கல்லில் நிற்குமா. நிற்காது. உள்ளே ஏதோ ஒன்று தெளிவாகச் சொன்னது, நிற்காது. தண்ணீர் சில்லென்று கெண்டைக்காலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. இப்போது வழுக்கி விழுந்தால் என்று நினைத்தார். விழுந்து இடுப்பு முறிந்தால் டிக்கெட் தானாகத் தள்ளிப்போகும். சீ, என்ன நினைப்பு இது.

"என்ன மாமா, போயிருச்சா?" கதிரேசன் கல் கல்லாகத் தாவிப் பக்கத்தில் வந்துவிட்டார். முள்ளைப் பார்த்தார், சிரிப்பை அடக்கினார். "இந்தாங்க, என்னோடது ஒண்ணு போடுங்க. பசை வச்சுக் கட்டினது, பத்து மீனுக்குத் தாங்கும்." "இருக்கட்டும் மாப்ளே." "அட எதுக்கு மாமா வீம்பு. நேத்தே சொன்னேன்ல, இருபது சுத்துச் சுத்திப் பசை போடணும்னு. நீங்க ரெண்டே சுத்துல நிறுத்திட்டீங்க." "ரெண்டு சுத்துக்கு மேல சுத்துனா நூல் தண்டம்." "நூல் தண்டமா." மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. "ஒரு உருண்டை நூல்ல ஆயுசுக்கும் கட்டலாம் மாமா. சரி, உங்க இஷ்டம். இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம் இருக்கு. தமயந்தி ஒம்பதுக்குள்ள வரச் சொல்லிருக்கா, பெட்டிய இன்னொரு தடவ எடை போடணுமாம். மாவடு டப்பாவ வெளிய எடுத்து வச்சிட்டா, திரும்பப் போற ஊருக்கு மாவடுவான்னு." அது இங்கே வரும்போது அவர் கொண்டுவந்த மாவடு. யாரும் தொடவில்லை. திருப்பிக் கொண்டுபோகத்தான் பெட்டியில் வைத்திருந்தார். இப்போது கேட்டுவிடலாம். மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறார், சிரித்த முகமாக இருக்கிறார். மாப்ளே என்று ஆரம்பித்தால் போதும், மிச்சம் வந்துவிடும். "மாப்ளே" என்றார். "சொல்லுங்க மாமா." "இல்ல, அந்த மாவடு. உப்பு கூடிப்போச்சு போல." "அப்படில்லாம் இல்ல மாமா, நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கதிரேசன் மேல்பக்கம் போய்விட்டார். தின்றே பார்க்காத மாவடு.

தீப்பெட்டியை வெளியே எடுத்தார். நாலாவது ஈ, கருஞ்சிவப்பு இறகு, ரெண்டே சுற்று. கரையோரப் பாறையில் உட்கார்ந்து அதை விரலில் உருட்டினார். உட்கார்ந்த இடத்தில் இருந்து பார்த்தால் எதிரே தெளிந்த தண்ணீருக்கு அடியில் மீன்கள் முட்டையிடக் கூழாங்கல்லைக் குடைந்து செய்த பள்ளங்கள் தெரிந்தன. வட்ட வட்டமாக, கழுவிக் கவிழ்த்த தாம்பாளங்கள் மாதிரி ஒன்பது. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ஆண் மீன் நின்று, வாலால் மண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் வருகிற எல்லாவற்றையும் முட்டித் துரத்திக்கொண்டிருந்தது. மூன்றாவது பள்ளத்துக்காரன்தான் மூன்று ஈயையும் உருவியவன். அது உணவுக்குக் கவ்வவில்லை, கோபத்துக்குக் கவ்வுகிறது என்று அவருக்குத் தோன்றியது. என் இடத்தில் உனக்கு என்ன வேலை என்கிற கோபம். இரண்டு சுற்று ஏன் நிற்கவில்லை. நாற்பத்தாறு வருஷம் நின்றதே. பூக்கட்டில் முடிச்சு என்று ஒன்று கிடையாது, தெரிந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு காம்பைச் சேர்த்து வைத்து, விரலில் ஒரு வளையம் போட்டு இழுத்தால், நாரே காம்பைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் வருகிற வளையம் இதை இறுக்கும். பூக் கட்ட உட்காருமுன் பாக்கியம் வாழைநாரை ஒரு சட்டித் தண்ணீரில் போட்டு ஊறவைப்பாள். ஊறிய நார், தண்ணீர் குடித்த நார், உப்பி... சேவுகன் கையை நிறுத்தினார். வாழைநார் தண்ணீர் குடிக்கும். உப்பும். அதனால்தான் பிடிக்கும். மாப்பிள்ளையின் நூல் நைலான், அது ஒரு சொட்டுக் குடிக்காது. நனைந்தால் இன்னும் வழுக்கும். காய்ந்திருக்கும்போது மேசையில் இழுத்துப் பார்த்தார், கல் மாதிரி இருந்தது. தண்ணீரில் போட்டதும் எண்ணெய். எத்தனை சின்ன விஷயம். நேற்று மத்தியானம் தோன்றவில்லை, முதல் ஈ போனபோது தோன்றவில்லை, இரண்டாவது போனபோது மீனைத் திட்டினார், மூன்றாவதுக்குத் தன்னைத் திட்டினார். மாப்பிள்ளை சொன்ன மாதிரி இருபது சுற்றுச் சுற்றிப் பசை போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். அதைக் கேட்காத வீம்பு. ஊருக்குப் போகணும் என்று குதித்ததும் இதே வீம்பு.

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். பருத்தித் துண்டு, ஓரத்தில் தொங்கல் நூல். ஒரு இழையை உருவினார், பாதியில் அறுந்தது. இன்னொன்றைப் பையப் பைய உருவி, வாயில் போட்டு நனைத்தார். உப்புக் கரித்தது, தன் வியர்வைதான். செருப்பைக் கழற்றி, இழையின் ஒரு நுனியை இடதுகால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டார். கடையில் ஆள் இல்லாத நேரம் இப்படித்தான் கட்டுவார், கால் விரலில் மாட்டி. அந்த விரலில் நூல் ஓடி ஓடி ஒரு தடம் விழுந்து இன்னும் இருக்கிறது. நைலானைப் பிரித்துப் போட்டுவிட்டு இறகை வைத்து ஒரு வளையம், இழு. இன்னொரு வளையம், இழு. முள் கைக் கட்டைவிரல் நுனியைப் பதம் பார்த்தது, ஒரு சொட்டு ரத்தம் இறகில் பட்டது. கருஞ்சிவப்பு இறகு, தெரியவில்லை. மூன்றாவது வளையம் போட்டார். பிறகு நாலாவது. நூல் தண்டம் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிற்று. ஒரு முழத்துக்கு மேலே ஒரு கண்ணி பூ வைத்துக் கொடுத்ததில்லை அவர். கொசுறு கேட்கிற பெண்கள் அவர் கடைக்கு வந்தால் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள், அந்த மனுஷன்கிட்டயா. அவர் அந்தப் பக்கம் திரும்பும்போது பாக்கியம் ஒரு கிள்ளு பூவைக் கிள்ளி அவர்கள் கையில் வைப்பாள். அவருக்குத் தெரியாது என்று அவள் நினைத்தாள். சாயந்திரம் கணக்கில் தினமும் இரண்டு முழம் குறையும். எண்ணுகிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா. ஒருநாளும் கேட்கவில்லை. அந்தக் குறைச்சல் இல்லாவிட்டால் அந்தக் கடைக்கு யார் வந்திருப்பார்கள் என்று அவள் போனபிறகுதான் யோசித்தார். இழையைப் பல்லால் கடித்து அறுத்தார். அழகாக இல்லை. முடி வெட்டாத ஆள் தலை மாதிரி இருந்தது. கிடக்கட்டும்.

தண்ணீரில் இறங்கினார். கம்பை ஆட்டத் தெரியும், நீளமாக வீசத் தெரியாது. நீளம் தேவையும் இல்லை, பள்ளம் பன்னிரண்டு அடி தூரம்தான். முதல் வீச்சு பின்னால் இருந்த செடியில் மாட்டிக்கொண்டது. போச்சு, அவ்வளவுதான் என்று திரும்பிப் போய் இலையோடு பிய்த்து எடுத்தார். ஈ அப்படியே இருந்தது. இரண்டாவது வீச்சு பள்ளத்தைத் தாண்டி விழுந்தது. மூன்றாவது சரியாக நடுவில் விழுந்து, இறகு நனைந்து, மெதுவாக அமிழ்ந்தது. மூன்றாவது பள்ளத்துக்காரன் திரும்பினான். பார்த்தான். வாலை ஒருதரம் அசைத்தான். நாளைக்கு இந்நேரம் மேகத்துக்கு மேலே, பக்கத்துச் சீட்டு ஆள் தூங்கிக்கொண்டிருப்பான், ஜன்னலில் திரை போட்டிருப்பார்கள், சுவர், மறுபடியும் சுவர் என்று நினைப்பு ஓடிக்கொண்டிருந்தபோதே நரம்பு விண்ணென்று இழுத்தது. கம்பு வளைந்தது. அவர் கத்தவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். உள்ளங்கை அகல மீனுக்கு இத்தனை வலுவா, வட்டம் வட்டமாகச் சுற்றி, கல்லுக்கு அடியில் போகப் பார்த்து, வெளியே வந்து, ஒருதரம் பக்கவாட்டில் திரும்பி வெயிலைக் காட்டியது. இறகு கழன்றுவிடும், இப்போது கழன்றுவிடும், இந்த இழுப்பில் கழன்றுவிடும். கழலவில்லை. இடது கையைத் தண்ணீரில் நனைத்து அடியில் கொடுத்து ஏந்தினார்.

வயிறு செங்காந்தள் சிவப்பு. அது மேலே போகப் போக ஆரஞ்சாகி, முதுகில் பாக்கு நிறமாக இருண்டது. அந்த ஆரஞ்சு முழுக்க நீலப் பொட்டு, நீலம் என்றால் இதுவரை எந்தப் பூவிலும் பார்க்காத நீலம், எந்தக் கூடையிலும் வந்து இறங்காத நீலம். கன்னத்தில் அதே நீலம் கோடாகி, கோலம் போடும்போது கை நடுங்கினாற்போல் நெளிந்து, கண்ணுக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. கண்ணே சிவப்பு. காதோரம் நீண்ட கறுப்பு மடல், அதற்கு வெள்ளையாக ஒரு சன்னக் கரை. பிடரியில், முதுகு ஆரம்பிக்கிற இடத்தில், குங்குமத்தை விரலால் இழுத்துவிட்ட மாதிரி ஒரு சிவப்புக் கோடு. கனகாம்பரத்துக்கு இந்தக் கோடு இல்லை. இல்லவே இல்லை, அவருக்குத் தெரியும். ஏழு. கட்டைவிரல் தானாக அடுத்த கணுவுக்குப் போயிற்று. "மாப்ளே" என்று கூப்பிட்டார், குரல் சன்னமாக வந்தது. கதிரேசன் தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "அடேயப்பா, மாமா. உங்க ஈயிலயா? அந்தக் கந்தல்லயா?" குனிந்து பார்த்தார். "என்ன கலரு. போன மாசம் பெரிய ஆத்துல புடிச்சோம்ல, அதே மீனு மாமா. உங்க கனகாம்பரம். காது நீளமா இருக்கு பாருங்க."

அதே மீன். சேவுகன் மீனைச் சற்றுச் சாய்த்துக் காட்டினார். "பிடரியில கோடு இருக்கே மாப்ளே. அதுக்கு இல்ல." "ஆத்துக்கு ஆறு மாறும் மாமா. அந்தத் தண்ணி வேற, இந்தத் தண்ணி வேற. மலைக்கு அந்தப் பக்கம் போனா இதே மீனு இன்னொரு கலர்ல இருக்கும்." அப்படியானால் ஆறு வகைதான். ஆறோடு நின்றது. பேச்சு பேச்சுதான், இரண்டு ஜாதிமல்லியில் ஒன்று திண்டுக்கல் பூ ஒன்று நிலக்கோட்டைப் பூ என்பதற்காக இரண்டு வகை என்று விற்க முடியுமா. மீன் கையில் செவுளைத் திறந்து மூடிற்று. முள்ளைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் கையை இறக்கினார். அது ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு நேராகத் தன் பள்ளத்துக்குப் போய், இவ்வளவு நேரம் இடத்தைப் பிடிக்கப் பார்த்த பொடியன் ஒருவனை முட்டித் தள்ளிவிட்டு, நடுவில் நின்று வாலால் துடைக்க ஆரம்பித்தது, ஒன்றுமே நடக்காதது போல. "ஆனா ஒண்ணு" என்றார் கதிரேசன், நரம்பைச் சுற்றிக்கொண்டே. "இது தனி வகைன்னு சொல்றவங்களும் இருக்காங்க. ஒண்ணா ரெண்டான்னு படிச்சவங்களுக்குள்ளயே இன்னும் தீரல. கிளம்புவோமா மாமா?"

தீரவில்லை. படித்தவர்களுக்கே தீரவில்லை. சேவுகன் கையில் இருந்த ஈயைப் பார்த்தார். நனைந்து உப்பிய பருத்தி இழை இறகைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தது, நாலு வளையம், இரண்டு அதிகம். கோடு இருந்தது, அவர் பார்த்தார். ஆறுக்கு மேலே ஒரு கிள்ளு. நாற்பத்தாறு வருஷத்தில் ஒருவருக்கும் வைக்காத கிள்ளு. அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியதுதான், ஒரு கணம், பாக்கியம் வைத்துவிடுவாள். ஏழு என்றே வைத்துக்கொள்ளலாம். "மாப்ளே" என்றார். கதிரேசன் கரையில் ஒரு காலும் தண்ணீரில் ஒரு காலுமாகத் திரும்பினார். "அந்த டிக்கெட்ட மறுபடி ஆகஸ்டுக்கே போட முடியுமா?" கேட்டாயிற்று. வாயில் இருந்து வந்துவிட்டது, திரும்ப எடுக்க முடியாது. கதிரேசன் அவரைப் பார்த்தார். "எதுக்கு மாமா? உடம்புக்கு ஏதும்?" "உடம்புக்கு ஒண்ணுமில்ல." "ஊர்ல ஏதும்?" "அதெல்லாம் ஒண்ணுமில்ல." "மலைக்கு அந்தப் பக்கம் வேற கலர்ல இருக்கும்னு சொன்னீங்கள்ல" என்றார் சேவுகன், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

கதிரேசன் உதட்டைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தார். "உங்க பொண்ணு என்னையக் கொல்லப் போறா." கரை மேட்டில் ஏறி, சிக்னலுக்காகப் போனைத் தலைக்கு மேலே தூக்கி, இறக்கி, காதில் வைத்தார். "ஆமா. இல்லடி, நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல, அவராத்தான் கேக்குறாரு. சத்தியமா. இந்தா, நீயே பேசு." போனை நீட்டினார். சேவுகன் கம்பைப் பாறையில் சாய்த்துவிட்டு, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். "என்னப்பா, சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்க முடியலன்னுதான நாயாப் பேயாக் கத்தி மாத்த வச்சீங்க" என்றாள் தமயந்தி. கோபமா அழுகையா தெரியவில்லை. "பெட்டியெல்லாம் கட்டியாச்சு. இப்ப வந்து. முன்னாடியே வாயத் திறந்து சொல்றதுக்கு என்னப்பா?" தலையை ஆட்டினார். பிறகு போனில் தலையாட்டல் தெரியாது என்று உறைத்தது. கீழே மூன்றாவது பள்ளத்தில் சிவப்புக் கோடு அசைந்தது. "தப்புதாம்மா" என்றார். "இருக்கணும் போல இருக்கு. இன்னும் எண்ணி முடிக்கல." அவள் பெருமூச்சு விட்டாள். "லைன்லயே இருங்க. சீட்டு இருக்கான்னு பாக்குறேன்" என்றாள். விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் வெளிச்சம் குறைவதைப் பார்த்தபடி, அந்தத் தட்டல்களை மட்டும் எண்ணாமல் நின்றார்.